கதிரவனை நோக்கிய காரிங்டன்

இங்கிலாந்து நாட்டு இலண்டன் மாநகரில் 1826ஆம் ஆண்டில் ரிச்சர்டு காரிங்டன் பிறந்தார். மதுவடிசாலை ஒன்றின் உரிமையாளராகிய தந்தையார் தம் மைந்தரைச் சமயப் பணியில் ஈடுபடுத்த விரும்பினார். கேம்பிரிட்ஜில் பயின்ற மைந்தரின் உள்ளமோ வானநூலிலேயே தோய்ந்தது. அவர் 1853ஆம் ஆண்டில் ரெட்ஹில் என்னும் ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். இரவில் விண்மீன்களை அளந்தார். பகலில் ஞாயிற்றின் கரும்புள்ளிகளை வரைந்தார். ஞாயிறு நடுவரையருகே விரைந்தும், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல மெல்லவும் சுழல்வதை அப்புள்ளிகளின் நகர்ச்சியால் நிறுவினார்.

1859ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் முற்பகல் 11 மணி 18 நிமிடம். தொலைநோக்கி வழியே திரையில் வீழ்ந்த ஞாயிற்றின் உருவை அவர் நோக்கிக்கொண்டிருந்தார். பெரியதொரு புள்ளிக் கூட்டத்தின்மேல் இரண்டு வெண்சுடர்கள் திடீரென ஒளிர்ந்தன. வெளியொளி புகுந்ததோ என முதற்கண் ஐயுற்றார். ஐயம் நீங்கியதும், சான்றாக மற்றொருவரை அழைக்க ஓடினார். ஒரு நிமிடத்திற்குள் மீண்டபோது சுடர்கள் மங்கத் தொடங்கியிருந்தன. ஐந்து நிமிடங்களில் மறைந்தன. நற்பேறாக, ஹாட்சன் என்னும் மற்றொருவரும் வேறோர் இடத்திலிருந்து அவ்வொளியைக் கண்டிருந்தார்.

ஏறத்தாழப் பதினேழரை மணி நேரத்திற்குப் பின் உலகெங்கும் காந்த ஊசிகள் நிலைகுலைந்தன. துருவ நாடுகளுக்குரிய வண்ண ஒளி கியூபாத் தீவின் வானிலும் தோன்றியது. தந்திக் கம்பிகளில் மின்னோட்டம் தானே பாய்ந்தது. பம்பாயிலிருந்த கொலாபா ஆய்வுக்கூடத்துக் கருவியும் அக்காந்தப் புயலைப் பதிவு செய்தது.

இரண்டிற்கும் தொடர்புண்டோ? காரிங்டன் அவை அடுத்தடுத்து நிகழ்ந்தமையைச் சுட்டினார். ஆயினும், காக்கை அமரப் பனங்காய் வீழ்ந்ததாகவும் இருக்கலாமாதலின், ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே முடிவு கூற அவர் துணியவில்லை. தந்தையார் 1858இல் மறைந்தமையால் தம்மேல் வீழ்ந்த ஆலைப் பொறுப்பின் சுமையால், 1861இல் அவர் தம் ஞாயிற்றாய்வினை நிறுத்த நேர்ந்தது. 1875இல், தம் 49ஆம் அகவையில், அவர் இயற்கை எய்தினார்.

தொடர்பு மெய்யே என்பதைப் பிற்கால அறிவியல் காட்டியது. ஞாயிறு சில வேளைகளில் மின்னூட்டம் பெற்ற வளித்திரளை வீசியெறிகிறது. மிக விரைந்து செல்லும் திரள் தனக்கு முன்னே அதிர்ச்சி அலை ஒன்றை எழுப்புகிறது. அவ்வலையிலிருந்து வானொலி அலைகள் பிறக்கின்றன. ஞாயிற்றை விட்டு விலகுந்தோறும் சூழ்ந்துள்ள வளி அருகுவதால், அவற்றின் அதிர்வெண்ணும் தாழ்கிறது. அத்தாழ்வைக் கொண்டு அதிர்ச்சி அலையின் விரைவை அறிஞர் கணிக்கின்றனர்.

1859ஆம் ஆண்டுப் புயல் இன்று காரிங்டன் பெயராலேயே வழங்குகிறது. கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைத்த அவரது நேர்மையே பின்வந்தோர்க்கு வழிகாட்டும் விளக்காயிற்று.