ஜார்ஜ் ஹண்டிங்டன்

ஜார்ஜ் ஹண்டிங்டன் (ஏப்ரல் 9, 1850 – மார்ச் 3, 1916) அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மருத்துவர். கை, கால், முகம் ஆகியன நோயாளியின் விருப்பமின்றியே அசையும் பரம்பரை நரம்பு நோயொன்றைத் தெளிவாக விளக்கியவர். அந்நோய் இவர் பெயரால் ஹண்டிங்டன் நோய் என அழைக்கப்படுகிறது. இவர் காலத்தில் வாழ்ந்த உடற்கூற்றியல் அறிஞர் ஜார்ஜ் சம்னர் ஹண்டிங்டன் வேறொருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவில் உள்ள ஈஸ்ட் ஹாம்ப்டன் என்னும் ஊரில் பிறந்தார். பாட்டனார் ஏபெல் ஹண்டிங்டன், தந்தை ஜார்ஜ் லீ ஹண்டிங்டன் இருவரும் அவ்வூரின் மருத்துவர்கள். சிறுவனாகத் தந்தையுடன் சென்றபோது, வழியில் உடலை முறுக்கியும் முகத்தைக் கோணியும் வந்த ஒரு தாயையும் மகளையும் கண்டு அஞ்சியதை 1909 இல் இவர் நினைவுகூர்ந்தார்.

1871 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஒகையோ மாநிலத்தின் பொமராய் நகரில் சிறிது காலம் பணியாற்றியபின் நியூயார்க் மாநிலத்துக்குத் திரும்பி, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஊர்ப்புற மருத்துவராகவே கழித்தார்.

ஆய்வுக் கட்டுரை

1872 பெப்ரவரி 15 அன்று ஒகையோவின் மிடில்போர்ட் நகரில் கூடிய மருத்துவர் சங்கத்தில் தமது கட்டுரையை வாசித்தார். அப்போது இவருக்கு வயது 21. கட்டுரை அதே ஆண்டு ஏப்ரலில் பிலடெல்பியா இதழொன்றில் வெளியானது. அதன் பெரும்பகுதி சிறுவர்களுக்கு வரும் கோரியா என்னும் பொதுவான வலிப்பசைவு நோயைப் பற்றியது. இறுதியில்தான் பரம்பரை வகையை விளக்கினார். அதன் மூன்று தன்மைகளாக இவர் குறிப்பிட்டவை:

* பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருதல்
* மனநலக் குலைவும் தற்கொலை நாட்டமும்
* வளர்ந்த வயதிலேயே கடுமையாக வெளிப்படுதல்

ஒரு பிள்ளை நோயின்றித் தப்பினால் அக்கிளையில் நோயின் தொடர்ச்சி அறுந்துவிடும் என்றும், பேரப்பிள்ளைகளுக்கு அது மீண்டும் வராது என்றும் கூறினார். சார்லஸ் வாட்டர்ஸ் (1842), நார்வேயின் யோகான் லுண்ட் (1860) முதலியோர் இந்நோயை முன்னரே குறித்திருந்தனர். எனினும் பாட்டனாரும் தந்தையும் தலைமுறைகளாகக் கவனித்து வந்தவை கைவசம் இருந்ததால், இவரால் மரபுவழியை ஐயமின்றிக் காட்ட முடிந்தது. மெண்டலின் மரபியல் விதிகள் 1900 வரை பரவலாக அறியப்படாதவை என்பது இங்கு கருதத்தக்கது.

பிற்கால ஆய்வுகள்

1983 இல் இந்நோய்க்கான மரபணு 4 ஆவது நிறப்புரியில் உள்ளதெனக் கண்டறியப்பட்டது. 1993 இல் மரபணுவே இனங்காணப்பட்டது. அதில் சி-ஏ-ஜி என்னும் மூவெழுத்துத் தொடர் 40 அல்லது அதற்கு மேற்பட்ட முறை அடுத்தடுத்து வந்தால் நோய் உண்டாகிறது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. தப்பிய பிள்ளையிடம் பிறழ்ந்த மரபணு இல்லாததாலேயே அவர் வழியில் நோய் தொடர்வதில்லை.

அசைவுகளைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இதனால், தமக்கு நோய் வருமா என்பதை முன்கூட்டியே சோதித்தறிய வழி இருந்தும் நோயுள்ள குடும்பத்தினர் பலர் அச்சோதனையைச் செய்துகொள்வதில்லை.