தண்ணீரை வடிகட்டிய மேதை – சார்லஸ் சேம்பர்லேண்ட்

லூயி பாஸ்டரை நம்ம எல்லாருக்கும் தெரியும். அவர் பக்கத்திலேயே நின்று உழைத்த ஒருத்தரைப் பற்றித் தெரியுமா? அவர்தான் சார்லஸ் சேம்பர்லேண்ட்.

1851 மார்ச் 12-ல் பிரான்ஸ் நாட்டின் ஜூரா பகுதியில் பிறந்தார். பாரிஸில் படித்து, பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். தண்ணீரைச் சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் சில கிருமிகளின் வித்துகள் சாகாது. அதனால் 1879-ல் ஆட்டோகிளேவ் என்ற கருவியை உருவாக்கினார். நம்ம வீட்டு குக்கர் மாதிரிதான்! நீராவியை உள்ளேயே அடைத்து, 100 டிகிரிக்கு மேல் சூடாக்கும். ஆஸ்பத்திரிகளில் கத்தி, கத்தரிக்கோல்களைச் சுத்தம் செய்ய இன்றும் அதுதான் உதவுது. 1881-ல் பாஸ்டர் ஊரறிய ஆடுமாடுகளுக்குப் போட்டுக் காட்டிய ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியைத் தயாரித்ததிலும் இவருக்குப் பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் குடிநீர் வழியாக டைபாய்டு பரவி, நிறைய பேர் செத்துப்போனாங்க. தண்ணீர் பார்க்கத் தெளிவாத்தான் இருக்கும், ஆனா உள்ளே கிருமி இருக்கும். துணியில் வடிகட்டினால் கிருமி நிற்குமா? நிற்காது. 1884-ல் சேம்பர்லேண்ட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

வெள்ளைக் களிமண்ணில் மெழுகுவர்த்தி போல ஒரு குழாய் செய்து, சூளையில் சுட்டார். பீங்கான் கோப்பைக்குப் பூசுகிற பளபளப்புப் பூச்சை மட்டும் பூசவில்லை. பூசினால் துளைகள் அடைபட்டுப் போகும். சூடு அதிகமானாலும் மண் இறுகித் துளை மூடிவிடும். குறைந்தால் குழாய் உதிர்ந்துவிடும். பக்குவமாகச் சுட்டால், கண்ணுக்கே தெரியாத நுண்துளைகள் நிறைந்த சுவர் கிடைக்கும். வெளியே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தால் உள்ளே சொட்டுச் சொட்டாக இறங்கும். பாக்டீரியா வெளியிலேயே மாட்டிக்கொள்ளும்.

இந்த வடிகட்டியால் இன்னொரு அதிசயமும் நடந்தது. 1892-ல் ரஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கி, நோய் வந்த புகையிலை இலைச் சாற்றை இதில் வடிகட்டினார். வடிந்த சாறும் நல்ல செடிக்கு நோயைக் கொடுத்தது! பாக்டீரியாவை விடச் சின்னதாக ஏதோ ஒன்று நுழைந்து வந்திருக்கு. அதுதான் வைரஸ். வடிகட்டி எதைத் தடுக்க முடியாமல் விட்டதோ, அதுவே புதிய அறிவியலுக்கு வழி காட்டியது.

சேம்பர்லேண்ட் 1908 மே 2-ல் பாரிஸில் காலமானார். அப்போது வயது 57.

நண்பர்களே, பல வீடுகளில் இருக்கும் கேண்டில் ஃபில்டரும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்யுது. கேண்டிலை அப்படியே விட்டுடாதீங்க. மாட்டிக்கொண்ட கிருமிகள் அங்கேயே பெருகி, நாளடைவில் சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் அடிக்கடி தேய்த்துக் கழுவுங்க. விரிசல் விட்டால் உடனே மாத்துங்க. வைரஸ் அதில் நிற்காது என்பதால், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே நல்லது.

சுத்தமான நீர் குடிப்போம்! நோயின்றி வாழ்வோம்!