டாக்டர் சௌந்தரம் அம்மையார்

திண்டுக்கல்லினின்றும் மதுரைக்குச் செல்லும் மார்க்கத்தில், சிறுமலைச் சாரலை நோக்கிய சமவெளியில், சின்னாளபட்டி என்னும் நெசவாளர் ஊர் இருக்கிறது. அதனை அடுத்துக் காந்திகிராமம் விளங்குவதை நம் பக்கத்து வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதனைத் தோற்றுவித்த அம்மையாரை வைத்தியர் என்றும் மந்திரி என்றும் அறிந்தோர் பலர். நமது சிறுவர் கணக்கையும் விஞ்ஞானத்தையும் அச்சமின்றி, விளையாட்டைப் போல் விரும்பிப் பயிலும் முறையொன்றுக்கு அவர் இவ்வட்டாரத்தில் இடமளித்ததை அறிந்தோர் சிலரே. அதுபற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

மதுரையில் பெருந்தொழில் நடத்திய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வியாய் 1904ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் அம்மையார் பிறந்தார். இளமையிலேயே மணம் நிகழ்ந்தது. கணவர் வைத்தியரான சௌந்தரராஜன் அகால மரணம் எய்தவே, அக்காலத்துக் கைம்பெண்களைப் போல் மூலையில் ஒடுங்காது, டில்லிக்குச் சென்று லேடி ஹார்டிஞ்சு வைத்தியக் கல்லூரியில் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். பின்னர்க் கேரள நாட்டினரான ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது பெற்றோர் இசையவில்லை. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு பிரிந்திருக்கச் செய்து, அதன் பின்னும் மனம் மாறாமை கண்டு, 1940இல் மணத்தை நடத்திவைத்தார். விதவா விவாகம், அதுவும் சாதி கடந்தது. நம்முடையவை போன்ற சங்க ஏடுகள் இவ்விடத்தை விரைந்து கடந்துபோவது வழக்கம். நாம் அங்ஙனம் செய்யோம்.

1947ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் காந்திகிராமம் தொடங்கிற்று. வைத்தியசாலையோடு பள்ளியும் உபாத்தியாயர் பயிற்சியும் அங்கே வளர்ந்தன. பள்ளி நடந்த முறைக்கு ஆதாரக் கல்வி என்று பெயர். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த அம்முறையைப் பரப்பிய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தில் இராமச்சந்திரன் பணியாற்றியவர்.

இம்முறையில் கணக்கு எவ்வாறு இனிக்கும் என்று கேட்பீராயின், ஒரு தக்ளியை எடுத்துக்கொள்வோம். சிறுவன் நூற்ற நூலை நான்கடிச் சுற்றளவுள்ள சட்டத்தில் சுற்றுகிறான். 640 சுற்று ஒரு சிட்டம். பெருக்கிப் பார்த்தால் 2,560 அடி. அரை மைலுக்கு 2,640 அடி. ஆகவே தன் கைந்நூல் அரை மைலுக்கு 80 அடியே குறைந்தது என்று அவன் காண்கிறான். பெருக்கல் வாய்பாட்டைப் பிரம்புக்கு அஞ்சி ஒப்பித்த நமக்கு இந்த ஆனந்தம் கிட்டியதில்லை. பின்பு அச்சிட்டத்தைத் தராசிலிட்டால், நூல் மெலிய மெலிய எடை குறைந்து நம்பர் ஏறுவது தெரியும். எதிர்விகிதம் என்னும் கடினமான பாடம் தராசுத்தட்டிலேயே விளங்கிவிடுகிறது. வறண்ட காற்றில் நூல் அடிக்கடி அறுவதும் ஈரக்காற்றில் அவ்வளவு அறாமையும் ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய விஞ்ஞான பாடம் அதுவே. காய்கறித் தோட்டத்தில் மண்ணும் எருவும், கிணற்றடியில் நீரின் தூய்மையும் இவ்வாறே பாடங்களாயின. நோய் வந்தபின் மருந்து தருவதினும் அது வருங்காரணத்தைச் சிறுவர் அறிதல் நலம் என்பது வைத்தியருக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று.

குறையையும் மறைத்தல் தகாது. இம்முறை நாட்டில் பரவியபோது, தேர்ந்த உபாத்தியாயர் இல்லாத பள்ளிகளில் நூற்றல் மட்டும் நின்றது, கணக்கு மறைந்தது. இராட்டை சுற்றவா பிள்ளையை அனுப்பினோம் என்று பெற்றோர் முணுமுணுத்ததில் நியாயம் உண்டு. அன்றியும், 1953இல் சென்னை மாகாணத்தில் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் சிறுவர் தத்தம் குடும்பத் தொழிலைப் பழக வேண்டுமென்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி எனப் பலத்த எதிர்ப்பு எழுந்து, காமராசர் முதல்வரான 1954இல் அது கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வியையும் இதனையும் ஒன்றெனக் கருதினோர் நம்மவரிலும் இருந்தனர். உண்மையில் இரண்டும் எதிரெதிரானவை. அத்திட்டத்தில் தகப்பன் தொழில் மகனைப் பற்றியது. ஆதாரப் பள்ளியிலோ எக்குலத்துப் பிள்ளையாயினும் ஒரே தக்ளி, ஒரே தராசு.

அம்மையார் 1952இல் ஆத்தூரினின்றும் 1957இல் வேடசந்தூரினின்றும் சட்டசபைக்கும், 1962இல் திண்டுக்கல்லினின்றும் பாராளுமன்றத்துக்கும் தெரிந்தெடுக்கப்பட்டு, மத்திய சர்க்காரில் கல்வித் துணை மந்திரியானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் வந்தது. 1967இல் திண்டுக்கல் தொகுதி அவரைக் கைவிட்டது. காந்திகிராமத்தை அவர் கைவிடவில்லை. 1956இல் அங்குத் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றதைக் கண்ணாரக் கண்டு, 1984ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் காலமானார்.