பானையை உடைத்தால் போதாது என்ற ராஜாஜி

மூதறிஞர் ராஜாஜி 1878-ல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்றார். சேலத்தில் வக்கீலாகக் கை நிறையச் சம்பாதித்தவர், நாட்டுக்காகத் தொழிலை உதறினார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் குடிசையில் வாழ்ந்தார். ஏழைகளின் கூலி கள்ளுக்கடையில் கரைவதை அங்கே கண்ணாரக் கண்டார். மது ஒழிப்புக்கென்றே 'விமோசனம்' பத்திரிகை நடத்தினார்.

1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கடைகள் மூடின. திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்களின் ஊறல் பானைகளைப் போலீசார் உடைத்தனர். அது மட்டும் போதாது என்பதை ராஜாஜி அறிவார். குடியை விட்டவர்களின் மாலைப் பொழுதுக்குப் பஜனையும் விளையாட்டும் ஏற்பாடாயின. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் வெகுண்டனர், அவர் அசையவில்லை.

1971-ல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்ந்தபோது, 92 வயதிலும் எதிர்த்தார். 1972 டிசம்பர் 25-ல் காலமானார்.

கர்நாடகம் 2007-ல் சாராயத்தைத் தடை செய்தது. மறு ஆண்டு மே மாதம், அவர் படித்த பெங்களூரிலும் பிறந்த ஓசூர்ப் பக்கத்திலும் கள்ளச்சாராயம் நூற்றுக்கும் மேற்பட்ட உழைப்பாளிகளைப் பலி கொண்டது.