லண்டனில் ஒரு வாடகைக்காரர்

காந்தி ஜெயந்தி வரும் காலாண்டு இது. தண்டி யாத்திரை, சபர்மதி ஆசிரமம் எல்லாம் நமக்குப் பள்ளி நாட்களிலிருந்தே தெரியும். அவற்றுக்கு வெகு முன்னால், லண்டனில் வாடகை அறைகளில் மாறி மாறிக் குடியிருந்த ஒரு மாணவரைப் பற்றி இம்முறை பார்ப்போம். சொந்த வீட்டுக்காரர்களும் வாடகைக்கு வந்தவர்களும் சேர்ந்து வாழும் நமக்கு அந்தக் கதையில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பல் ஏறியபோது மோகன்தாஸுக்கு வயது 18. பாரிஸ்டர் படிப்புக்காகப் போகிறார். ஊரில் மனைவி கஸ்தூரிபா, சில மாதக் கைக்குழந்தை. மது, மாமிசம், பிற பெண்கள் தொடர்பு மூன்றும் வேண்டாம் என்று தாயிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, வெள்ளை ஃபிளானல் உடையில் கரையில் இறங்கினார். அங்கே வெள்ளை உடையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். மாற்றுத் துணி இருந்த பெட்டிகள் ஏஜெண்டிடம் போய்விட்டன. மறுநாள் ஞாயிறு, திங்கள் வரை கிடைக்காது. கூனிக் குறுகி விக்டோரியா ஹோட்டலில் தங்கினார். அன்றிரவு அவரைப் பார்க்க வந்தவர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. மேத்தாவின் பளபளப்பான உயரத் தொப்பியை மோகன்தாஸ் ஆசையாகத் தடவ, அதன் மென்மயிர் கலைந்துவிட்டது. பிறர் பொருளைத் தொடக்கூடாது, புதிதாகப் பழகுபவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்கக்கூடாது, உரக்கப் பேசக்கூடாது என்று மேத்தா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். புது ஊரில் முதல் பாடம் அது.

ஹோட்டல் பில் 3 பவுண்டு. சரியாகச் சாப்பிடக்கூட முடியாத இடத்துக்கு இவ்வளவா என்று திகைத்துப்போனார். உடனே வாடகை அறைக்கு மாறினார். ஆனால் இரவானால் அம்மா நினைவு வந்துவிடும், கண்ணீர் நிற்காது. யாரிடம் சொல்லி ஆறுவது என்றும் தெரியவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கும், அப்படி இருந்துவிட்டு வந்தவர்களுக்கும் அந்த இரவுகள் எப்படிப்பட்டவை என்று தெரியும்.

அறையைப் பார்த்த மேத்தா, தனியாக இருந்தால் ஊர்ப் பழக்கம் வராது என்று சொல்லி, ரிச்மண்டில் இருந்த ஒரு நண்பர் வீட்டில் சேர்த்துவிட்டார். அந்த நண்பர் சொந்தத் தம்பி போலப் பார்த்துக்கொண்டார். சாப்பாடுதான் சிக்கல். காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியமும் இரவும் உப்பு உறைப்பில்லாத பசலைக்கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்கக் கூச்சம். பிறகு வெஸ்ட் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மையாரின் வீட்டில், இன்றைய பேச்சில் சொன்னால் பேயிங் கெஸ்டாகச் சேர்ந்தார். அந்த வீட்டுப் பெண்கள் இருவரும் கூட ஒன்றிரண்டு துண்டு வைப்பார்கள். அப்படியும் வயிறு நிறையவில்லை. சைவ உணவகம் தேடித் தினமும் 10, 12 மைல் நடந்தார். கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒன்று கண்ணில் பட்டது. இங்கிலாந்து வந்தபின் அவர் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

அடுத்து, ஊரோடு ஒத்துப்போகிறேன் என்று ஒரு வேகம் வந்தது. 19 ஷில்லிங்கில் தொப்பி, பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்குத் தைத்த உடை, நடன வகுப்பு, வயலின். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அந்த மோகம் தெளிந்தது. அண்ணன் சிரமப்பட்டு அனுப்பும் பணம் என்ற எண்ணம் உறுத்தியது. பஸ் கட்டணம், தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை வரை எழுதி, தினமும் படுக்கப்போகும் முன் கணக்கை நேர் செய்தார்.

கணக்கைப் பார்த்ததும் வீடும் மாறியது. குடும்பத்தோடு தங்குவதை விட்டு இரண்டு அறை எடுத்தார். போகவேண்டிய இடங்களுக்கு நடந்தே போகும்படி இடம் பார்த்ததால் வண்டிக் கட்டணம் மிச்சம். நாளுக்கு 8, 10 மைல் நடை, உடம்புக்கும் நல்லது. பிறகு அதையும் குறைத்து ஒரே அறை. ஒரு அடுப்பு வாங்கிக் காலையில் 20 நிமிடத்தில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் தயாரித்தார். மதியம் வெளியே சாப்பாடு, இரவு வீட்டில் ரொட்டியும் கோக்கோவும். உணவுச் செலவு நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ். ஊரிலிருந்து வந்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்தினார். ரிச்மண்டில் சப்பென்று இருந்த அதே கீரை இப்போது ருசித்தது.

நம் சங்கத்துக்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி இனிதான். பேஸ்வாட்டர் பகுதியில் குடியிருந்தபோது, அந்த வட்டாரத்துக்கென்று ஒரு சைவ உணவுச் சங்கம் தொடங்கினார். அங்கேயே வசித்த புகழ்பெற்ற கவிஞர் சர் எட்வின் ஆர்னால்டைத் துணைத்தலைவராக இருக்கும்படி அழைத்தார். பத்திரிகை ஆசிரியர் டாக்டர் ஓல்ட்ஃபீல்ட் தலைவர். செயலாளர், வாடகைக்கு இருந்த இந்த மாணவர்தான். இத்தனைக்கும் கூட்டத்தில் எழுந்து பேசவே அவருக்கு நா எழாது. எழுதிக்கொண்டு போனதையும் வேறொருவர் படிக்க வேண்டியிருக்கும். அவர் அந்த இடத்தைக் காலி செய்ததும் சில மாதங்களிலேயே சங்கமும் நின்றுபோனது. ஆனாலும் ஒரு அமைப்பை நடத்துவது எப்படி என்ற முதல் பயிற்சி அங்கேதான் கிடைத்தது.

1891 ஜூன் 10-இல் பாரிஸ்டர் ஆனார், 12-ஆம் தேதி கப்பல் ஏறினார். ஊர் திரும்பிய பிறகுதான் அம்மா இறந்துவிட்ட செய்தி தெரிந்தது. அந்நிய மண்ணில் தம்பி தாங்கமாட்டான் என்று அண்ணன் மறைத்து வைத்திருந்தார்.

1893-இல் ஒரு வருட வேலை என்று தென்னாப்பிரிக்கா போனார். அந்தத் தற்காலிகம் 1914 வரை நீண்டது. 1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோதும் அவரே செயலாளர். சந்தா மாதம் குறைந்தது 5 ஷில்லிங். மாதாமாதம் வசூலிப்பது பெரும்பாடாக இருந்ததால் ஆண்டுச் சந்தா 3 பவுண்டாக மாற்றினார்கள். நம் பொருளாளர் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்! வந்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு. லண்டன் அறையில் இரவுதோறும் பழகிய பழக்கம் அது.

பதினோரு மாத ஒப்பந்தம்தானே, நமக்கெதற்கு என்று கூட்டத்துக்கு வராமல் இருக்கும் அன்பர்கள் சிலர் உண்டு. வாடகைக்காரர்தானே என்று அவர்களை அழைக்காமல் விடுவதும் நம்மிடம் உண்டு. பேஸ்வாட்டரில் அந்த இரண்டும் நடக்கவில்லை. சில மாதமே இருக்கப்போகிறவர் போய்க் கேட்டார், அங்கேயே வசித்த பெரியவர் சரி என்றார். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் மாடியில் புதிதாகக் குடிவந்தவரையும் கையோடு அழைத்து வாருங்கள்.