1729இன் காரணிகளும் சித்தியடையாத மாணவனும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை டியூஷன் வகுப்புகளில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்தக் காரணிப்படுத்தல் எதற்கு? சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது.

1887 டிசம்பர் 22ஆம் திகதி ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை புடவைக் கடையொன்றில் கணக்குப்பிள்ளை. 16 வயதளவில், கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று கைக்குக் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன, நிறுவல்கள் குறைவு. இராமானுஜன் தானே நிறுவிப் பார்த்தார். தாள் வாங்கக் காசில்லை. சிலேட்டில் செய்கையை எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார்.

கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் புலமைப்பரிசில் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் பரீட்சையில் சித்தியடையவில்லை. 1912இல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914இல் கப்பல் ஏறினார்.

1915இல் வெளியான அவரது நீண்ட கட்டுரை காரணிகளைப் பற்றியதுதான். 12க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இப்படியான எண்களை அவர் ஆராய்ந்தார். சென்னையில் கிடைக்காத பட்டத்தை 1916இல் கேம்பிரிட்ஜ் அந்த ஆய்வுக்காகவே வழங்கியது.

நோயுற்று இலண்டன் பட்னியில் இருந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தான் ஏறிவந்த டாக்சியின் இலக்கம் 1729, அதில் விசேஷம் எதுவுமில்லை என்றார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரு நேர் எண்களின் கனங்களைக் கூட்டி, இரண்டு விதமாகப் பெறக்கூடிய மிகச் சிறிய எண் அது: 1, 12 ஆகியவற்றின் கனங்கள், 9, 10 ஆகியவற்றின் கனங்கள்.

கரும்பலகையில் இதைச் செய்து பார்க்கலாம். இரு கனங்களின் கூட்டுத்தொகைக்கு ஒரு காரணி, அந்த எண்களின் கூட்டுத்தொகை. மற்றையது, வர்க்கங்களைக் கூட்டிப் பெருக்கத்தைக் கழித்தால் வருவது. முதல் சோடி 13 × 133 தரும். இரண்டாவது 19 × 91. மேலும் உடைத்தால் இரண்டும் 7 × 13 × 19 தான்.

1919இல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26ஆம் திகதி 32 வயதில் இறந்தார். ஒரு பாடத்தில் மட்டும் கெட்டிக்காரரான பிள்ளைகள் நமது பெறுபேற்றுப் பட்டியல்களிலும் வெளியே நிற்கிறார்கள். அவர்கள் கடிதம் எழுதினால் பதில் போட யார் இருக்கிறார்கள்?