அலிகாரின் முதல் வேந்தர் சுல்தான் ஜஹான் பேகம்

மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி மதுரையிலுள்ள கல்லூரிகளுக்கு நம் பெண்மக்கள் சென்று வருவதை இன்று காண்கிறீர்கள். ஆயினும் பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்னும் கேள்வி நம் இல்லங்களைவிட்டு முற்றிலும் அகன்றுவிடவில்லை. அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச்சென்ற பெருமாட்டி ஒருவரை அறிந்துகொள்வோம்.

போபால் சமஸ்தானத்தை 1819 முதல் 1926 வரையிலான காலத்தில் நான்கு பேகம்கள் ஆண்டனர். அவர்களுள் இறுதியானவர் சுல்தான் ஜஹான் பேகம். 1858 இல் பிறந்த அவர் 1901 இல் அரியணை ஏறினார். பெண்மக்கள் இருவரை முன்னரே பறிகொடுத்திருந்தவர், 1902 தொடக்கத்தில் கணவரையும் இழந்தார். துயரம் அவரை முடக்கிவிடவில்லை. 1903 இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அப்பயணத்தைப் பின்னர் நூலாகவும் எழுதினார். போபாலில் பெண்களுக்கெனப் பள்ளி நிறுவினார். மௌலானா ஷிப்லி நுஃமானி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை எழுதுவதற்குப் பொருளுதவி புரிந்தார்.

அலிகாரில் ஷேக் அப்துல்லாஹ்வும் அவர்தம் துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் 1906 இல் பெண்கள் பள்ளியொன்றைத் தொடங்கினர். எதிர்ப்பு வலுத்திருந்த அக்காலத்தில் பேகம் அவர்கள் அதற்குத் துணைநின்றார். 1914 இல் அப்பள்ளியின் விடுதியைத் திறந்துவைத்தவரும் அவரே. வெளியூர்ப் பெற்றோர் தம் மகளிரை அச்சமின்றி அனுப்ப அவ்விடுதி வழிசெய்தது.

சர் சையித் அகமது கான் 1875 இல் வித்திட்ட கல்விக்கூடம் 1920 டிசம்பரில் பல்கலைக்கழகமாயிற்று. அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் பேகம் அவர்களே. சற்றே சிந்தியுங்கள்! வகுப்பறைகளில் அமர்ந்திருந்தோர் ஆண்மக்கள். தலைமை ஏற்றிருந்தவர் ஒரு பெண்மணி. புர்கா அணிந்தவராகவே அவர் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார்.

1924 இல், ஓராண்டுக்குள்ளேயே, மூத்த மைந்தர் இருவரும் மறைந்தனர். 1926 இல் ஆட்சியை இளைய மைந்தர் ஹமீதுல்லாஹ் கானிடம் ஒப்படைத்தார். அரியணையைத் துறந்த அவர், வேந்தர் பொறுப்பை மட்டும் 1930 மே மாதம் வஃபாத்தாகும் வரை வகித்தார்.

அப்பல்கலைக்கழகத்தின் அன்றாட நிர்வாகத்தை நடத்தும் துணைவேந்தர் பதவியில் முதன்முறையாக ஒரு பெண்மணி, பேராசிரியை நயீமா காத்தூன், அமர்ந்தது 2024 இல்தான். இடையே நூறாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன! முன்னோர் திறந்த வழியில் பின்வருவோரை நடக்கவிடாமல் தாமதித்தவர் யார் என்பதை நாமே எண்ணிப்பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே! கல்வியை ஆண், பெண் இருபாலார்க்கும் மார்க்கம் கடமையாக்கியிருக்கிறது. மேலே படிக்க விரும்பி உங்கள் மகள் முன்னே வந்து நிற்கும்பொழுது, தூரத்தை எண்ணித் தயங்குவீர்களாயின், அலிகாரில் அன்று விடுதிக் கதவைத் திறந்துவைத்த அத்தாயை நினைத்துப்பாருங்கள். வல்ல அல்லாஹ் அன்னாரின் நற்பணிகளை ஏற்றருள்வானாக! ஆமீன்.